அந்தப் பெட்டியை அணைக்கச் சொன்ன பாட்டி

அல்சூர்க்காரி:

மூன்று வருஷம் இருக்கும். தமிழும் கன்னடமும் தெரியும் என்பதால் பெங்களூரில் ஒரு நிறுவனத்துக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிமிடக் கணக்கில் கூலி.

ஒருநாள் ஈரோடு பக்கத்து பர்கூர் மலையிலிருந்து ஒரு சோளகர் பழங்குடிப் பாட்டியின் பதிவு வந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சித் தரும் கஷாயத்தைப் பற்றிக் கலகலவென்று சொல்லி வந்தவர், வேரின் பெயர் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டார். "அந்தப் பொட்டிய அணைச்சிரு சாமி. இத வெளியாளுக்குச் சொல்றதில்ல." "சரிங்க பாட்டி" என்கிறது ஒரு இளங்குரல். அணைக்கவில்லை. விறகு பிளக்கும் சத்தம், கோழி, நடுவே பாட்டியின் தணிந்த குரல் என்று இன்னும் பதினொரு நிமிடம் ஓடியது.

மேலாளரிடம் சொன்னதற்கு, கைநாட்டு வாங்கியாச்சே என்று படிவத்தை நீட்டினார். மூன்று பக்கமும் ஆங்கிலம். அந்தப் பதினொரு நிமிடத்தை மட்டும் எழுதாமல் விட்டேன், காசைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் வேரின் பெயர் இப்போது எனக்கும் தெரியுமே! அதுதான் உறுத்துகிறது.

கே.ஆர்.புரம் நாகர்கோவிலான்:

எங்கள் பக்கத்து அகத்தியமலையிலும் இதே சிக்கல்தான். 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிக்காரப் பழங்குடிகள் ஒரு பழத்தைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்திருக்கிறார்கள். என்னவென்று துருவித் துருவிக் கேட்டு வாங்கியதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை. அதிலிருந்து வந்த 'ஜீவனி' மருந்துக்கான உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அறக்கட்டளையும் வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய வைத்தியர்கள் சிலர் எதிர்த்தார்கள். வழிகாட்டிக்குத் தெரியும் என்பதற்காக, அதை வெளியே சொல்லும் உரிமையும் அவருக்கு வந்துவிடுமா?

ஜாலஹள்ளி:

நான் ரத்த மாதிரிகளோடு வேலை பார்க்கிறவன். அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடி மக்களிடம் 1990 முதல் நீரிழிவு ஆய்வு என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் மனநோய், பூர்வீகம் என்று வேறு ஆய்வுகளுக்கும் அதையே ஓட்டியிருக்கிறார்கள். வழக்குப் போட்டு, 2010இல் 7 லட்சம் டாலரோடு மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பி வாங்கினார்கள். அக்கா, நீங்களும் அந்தக் கோப்பை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் மரபறிவின் மேல் சமூகத்துக்கே உரிமை இருக்கிறது.

அல்சூர்க்காரி:

மெயில் போட்டேன். கோப்பு எண் கேட்கிறார்கள். எண்ணை நான் குறித்து வைக்கவில்லை. அந்தக் குரலை எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன், அவ்வளவுதான்.