குதிரைத் தொட்டியில தண்ணி கொதிக்குது, ஒரு வழி சொல்லுங்க

அண்ணன்மாரே, வணக்கம். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பெட்டைக் குதிரை வச்சிருக்கேன். அக்னி நட்சத்திரம் இன்னும் பிறக்கவே இல்ல, அதுக்குள்ள மத்தியானம் தொட்டித் தண்ணியில கை வைக்க முடியல. மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிது. அழகரே குதிரையில வந்து வைகையில எறங்குற மாசம், எங்க வீட்டுக் குதிரைக்குக் குடிக்கத் தண்ணி இல்லாத கதை!

மாடி டேங்க் கறுப்பு, பைப்பும் வெயில்லயே கிடக்கு. அதான் காரணம்னு தெரியுது. சாதாரணமா ஒரு நாளைக்கு 30 லிட்டர் குடிக்கும், இந்த வெயிலுக்கு இன்னும் கூட வேணும். முந்தாநாள் பாதிகூடக் குடிக்கல. சாணி உருண்டை காஞ்சு கெட்டியா விழுந்துச்சு. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவாத்தான் படியுது. குடல் அடைச்சு வயித்து வலி வந்துருமோன்னு பயம். டாக்டர்கிட்ட காட்டியாச்சு, தண்ணி குடிக்க வைங்கன்னுதான் அவரும் சொல்றாரு.

இப்போதைக்கு வேப்பமர நிழல்ல வாளி வச்சு, ஈரச்சாக்கு சுத்தி, விடியக்காலம் அடிச்ச போர்த்தண்ணி ஊத்துறேன். ஊறவச்ச கொள்ளுலயும் தண்ணியத் தாராளமா விடுறேன். ஆனா பகல்ல வேலைக்குப் போயிட்டா மாத்த ஆளில்ல.

மானாமதுரையில பெரிய மண்தாழி வாங்கி, கழுத்து வரைக்கும் மணல்ல பதிச்சு, மணலை நனைச்சு வைக்கலாமான்னு யோசனை. குதிரை காலால தட்டி உடைச்சிருமா? இல்ல சிமெண்ட் தொட்டிக்கே கீத்துக் கொட்டகை போட்டாப் போதுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்கண்ணே. ஐஸ்கட்டி போடுன்னு மட்டும் சொல்லாதீங்க, தினம் கட்டுப்படியாகாது.