அலுமினியத் தகடு காப்பாற்றியதா? போல்ட் எங்கே இறங்கியது?

சுண்ணாம்புக்காரன்:
1950, 60களில் அமெரிக்க நகர மையக் கடைகளின் செங்கல் முகப்பை அலுமினியத் தகட்டால் மூடினார்களே, அதுதான் மழை வெயிலிலிருந்து சுவரைக் காப்பாற்றியது, கழற்றினால் 1890களின் தெரு அப்படியே திரும்பும் என்று வீதிவிரும்பி பக்கத்து இழையில் எழுதியிருக்கிறார். அப்படியேவாம்! தகடு காற்றிலா நின்றது? பின்னால் ஆங்கிள் சட்டம், அதைப் பிடிக்க இரும்பு போல்ட். அந்த போல்ட் செங்கல்லில்தான் இறங்கியது. துரு ஏறினால் இரும்பு பருத்துக் கல்லைப் பிளக்கும். தகடு தட்டையாக உட்கார வேண்டும் என்பதற்காக, பிதுங்கி நின்ற கார்னிஸையும் (சுவர் உச்சியின் அலங்கார விளிம்பு) ஜன்னல் புருவங்களையும் (ஜன்னல் மேல் விளிம்பு) பல இடங்களில் உளி வைத்துச் சீவினார்கள். இதுவா காப்பாற்றுவது?

வீதிவிரும்பி:
எல்லாக் கடையிலும் சீவவில்லை. போல்ட் இடுக்கில், அதாவது இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில், இறங்கியிருந்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. கழற்றி, கலவை வைத்து அடைத்தால் வேலை முடிந்தது.

சுண்ணாம்புக்காரன்:
"இறங்கியிருந்தால்"! பழைய சுண்ணாம்புச் சாந்தில் போல்ட் பிடிக்காது, உருவிக்கொண்டு வரும். அதனால்தான் கல்லின் நடுவில் துளை போட்டார்கள்.
அடைக்க எந்தக் கலவை? வெறும் சிமெண்ட் என்றால் அது பழைய கல்லைவிடக் கெட்டி. சுவரின் ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வரும், கல்லின் முகம் பொரிந்து உதிரும். பழைய சாந்தை இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் சுரண்ட வேண்டும். 10 மி.மீ. இடுக்கு என்றால் 20 முதல் 25 மி.மீ. செங்குத்து இடுக்கில் கிரைண்டர் விட்டால் கல்லின் விளிம்பு போச்சு. தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று குழைத்து, 6 மி.மீ. அடுக்காக அழுத்த வேண்டும். கட்டைவிரலை அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதம் வந்த பிறகே அடுத்த அடுக்கு.

நடைபாதை:
போல்ட்டுக்கா இத்தனை சண்டை? தெருவைக் கெடுத்தது காரைத் தடை செய்ததுதான். மிச்சிகனின் கலமசூவில் கடைத்தெரு 1959இல் காரில்லா நடைவீதி ஆனது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 1964இல் ஆனது, கடைசியில் 2017இல் மறுபடி காருக்குத் திறந்துவிட்டார்கள்.

வீதிவிரும்பி:
கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயட் கடைவீதி 1962 முதல் காரில்லாமல்தானே ஓடுகிறது? புறநகர் ஷாப்பிங் சென்டர்கள் ஆளை இழுத்துக்கொண்டு போயின. தகடு போட்டதும், நடைவீதி போட்டதும் அந்தப் பயத்தில்தான்.

நடைபாதை:
கோபன்ஹேகனில் மையத்தைச் சுற்றி ஆட்கள் குடியிருந்தார்கள் சார். ஃப்ரெஸ்னோவோடு அதை ஒப்பிடாதீர்கள்.

சுண்ணாம்புக்காரன்:
பேச்சை மாற்ற வேண்டாம். போல்ட் எங்கே இறங்கியது?

கறுப்புக்கண்ணாடி:
தகட்டுக்கு முன்னால், 1930களில் விட்ரோலைட் என்ற நிறக் கண்ணாடிப் பலகைகளைத் தார் மாஸ்டிக்கால் (தார்ப் பசை) முகப்பில் ஒட்டினார்கள். அதையும் "அசல் இல்லை" என்று பெயர்த்துவிடுவீர்களா? பல தகடுகளுக்கே 50 வயது தாண்டியாயிற்று. அமெரிக்கத் தேசியப் பாரம்பரியப் பதிவேடு பொதுவாகக் கேட்பதே 50 ஆண்டுதான். எந்தப் பத்தாண்டின் தெரு வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காரன்:
விட்ரோலைட்டைத் தொட வேண்டாம், அது தனி வேலை. மாஸ்டிக் இறுகியிருந்தால் பியானோ கம்பியால் பின்னாலிருந்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும், நெம்பினால் சில்லு சில்லாகும். நான் கேட்டது தகட்டைப் பற்றி.

வீதிவிரும்பி:
மணல் பீச்சிச் சுவரைக் கழுவலாம் என்று போன மாதம் வாதாடியவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

சுண்ணாம்புக்காரன்:
அவரையும் விடவில்லை. மணல் பீச்சினால் சூளையில் வெந்த மேல்தோல் போய்விடும், உள்ளே இருக்கும் பஞ்சுக் கல் தண்ணீர் குடிக்கும் என்று அன்றே எழுதினேன். நீங்கள் சொல்லுங்கள். ஓரத்தில் ஒரே ஒரு தகட்டைக் கழற்றினால் தெரிந்துவிடும். கல்லா, இடுக்கா?

வீதிவிரும்பி:
இடுக்கு.

சுண்ணாம்புக்காரன்:
கழற்றாமலே சொல்கிறீர்கள். கல்.