தங்கைக்கு லேப்டாப்: படிப்பு, டிசைன், கேம் மூன்றுக்கும். நாளைக்குள் முடிவு செய்ய வேண்டும், உதவுங்கள்

முத்து92
வணக்கம் நண்பர்களே. தங்கைக்கு லேப்டாப் வாங்க வேண்டும். அடுத்த வாரம் கல்லூரி திறக்கிறது. படிப்பு, டிசைன், கேம் எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின்தான். பார்த்துப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. கடைசியில் இரண்டு மாடல் கையில் நிற்கின்றன. இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. ஆனால் ஒன்று மற்றதைவிட நன்றாகவே விலை குறைவு. ஏன் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. குறைந்ததையே எடுத்துவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

லாவண்யா_எம்
என்ன டிசைன்? போஸ்டரா, வீடியோவா, 3டியா? அதைச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. படிப்புக்கும் டிசைனுக்கும் என்றால் நான் மேக்புக் ஏர் என்றுதான் சொல்வேன். ஃபேனே கிடையாது, வகுப்பில் சத்தம் வராது, சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், ஒருநாள்கூடத் தொல்லை தந்ததில்லை.

மேசைநண்பன்
மாடல் எண்களைப் போடுங்கள் நண்பரே. "ஆர்டிஎக்ஸ் 4060" என்பது மாடல் இல்லை.

ஆனால் அதற்கு முன் ஒன்று: லேப்டாப்தான் வேண்டுமா? அதே பணத்தில் ஒரு மேசைக் கணினியும், குறிப்பெடுக்க ஒரு சாதாரண லேப்டாப்பும் வாங்கலாம். மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு பழசானால் அதை மட்டும் மாற்றினால் போதும். லேப்டாப்பில் அது போர்டோடு ஒட்டியே வரும். பெயரும் ஏமாற்றும். மேசைக் கணினிக்கான 4070-இல் 12 ஜிபி மெமரி, அதே பெயரில் லேப்டாப்பில் வருவதில் 8 ஜிபிதான்.

கணினிக்காரர்
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், வாரத்துக்கு ஒருமுறை நானும் இதையே எழுதுகிறேன். வாங்கும் முன் பத்து நிமிடம் தேடிப் படித்தால் என்ன?

"இரண்டிலும் 4060, ஏன் விலை வித்தியாசம்" என்றால் கார்டுக்குப் போகும் வாட்டைப் பாருங்கள். லேப்டாப்புக்கான 4060-க்கு, அதைத் தயாரிக்கும் என்விடியாவே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இடம் கொடுத்திருக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் தயாரிப்பவர் இஷ்டம். ஒல்லியான உடம்பில் சூடு தாங்காது, அதனால் குறைத்து வைப்பார்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மட்டும் ஒன்றேதான். 45 வாட்டில் ஓடும் 4060-ஐ முழு வாட்டில் ஓடும் 4050, அதாவது அதற்கு ஒரு படி கீழே உள்ள கார்டு, முந்திவிடுவதும் உண்டு. இதுகூடத் தெரியாமல் வாங்கப் போவதும், பிறகு "கேம் தடுமாறுகிறது" என்று இங்கே வந்து நிற்பதும் வழக்கமாகிவிட்டது.

லாவண்யா_எம்
கணினிக்காரர் சார், விஷயம் நல்ல விஷயம். அதைத் திட்டாமலும் சொல்லலாமே. அவர் வாங்குவதற்கு முன்னால்தான் வந்து கேட்கிறார்.

வண்ணத்தீட்டி
வாட், ரேம் எல்லாம் சரி. டிசைன் என்றால் முதலில் திரை. இதை யாருமே கேட்கவில்லை.

திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற இரண்டு அளவுகளில் சொல்வார்கள். விவரப் பட்டியலில் "45% என்டிஎஸ்சி" என்று இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. "100% எஸ்ஆர்ஜிபி" அல்லது "72% என்டிஎஸ்சி" என்று போட்டிருக்க வேண்டும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் படிக்கும்போது 45% திரையில்தான் வேலை செய்தேன். சிவப்பு வைத்தால் செங்கல் தூள் மாதிரி மங்கலாகத் தெரியும். போதவில்லை என்று இன்னும் ஏற்றுவேன், இன்னும் ஏற்றுவேன். அதே படத்தைத் தோழியின் போனில் திறந்தால் கண்ணைக் குத்தும். ஒரு செமஸ்டர் முழுக்க என் கண்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கைக்கு அது வேண்டாம்.

விலை குறைந்த மாடலில் பெரும்பாலும் இந்தத் திரையில்தான் கை வைத்திருப்பார்கள். பட்டியலில் திரையின் நிறம் பற்றி ஒரு வரியும் இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள்.

முத்து92
எல்லோருக்கும் நன்றி. மாடல் எண் எழுதி வைக்கவில்லை, நாளை பார்த்துச் சொல்கிறேன். டிசைன் என்றால் டிசைன்தான், போட்டோஷாப் மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன். கேம் வாலரண்ட், ஜிடிஏ 5. மேசைக் கணினி ஆகாது, விடுதியில் இருக்கப் போகிறாள். பெரும்பாலும் சார்ஜரில் போட்டுத்தான் பயன்படுத்துவாள், அதனால் பேட்டரி பற்றிக் கவலை இல்லை.

பழுதுமேசை
கடைசி வரிக்காக எழுதுகிறேன். நான் லேப்டாப் பழுது பார்ப்பவன். எப்போதும் சார்ஜரில் கிடக்கும் கேமிங் லேப்டாப்தான் பேட்டரி உப்பி என் மேசைக்கு வருகிறது. முதலில் டச்பேடின் ஒரு மூலை நகக்கண் உயரத்துக்குத் தூக்கும், கிளிக் அமுங்காது. "டச்பேட் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்று கொண்டுவருவார்கள். அடிமூடியைத் திறந்தால் உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பி இருக்கும்.

லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: முழுச் சார்ஜிலேயே கிடப்பது, சூடு. கேம் லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்தே வரும். தயாரிப்பாளரின் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கும். வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள். வெளியூர் போகும் நாளில் மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

சதீஷ்கே
80 சதவீதமெல்லாம் தேவையில்லாத பயம். 100 ஆனதும் லேப்டாப் தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். நான் நான்கு வருடமாக 100-இலேயே வைத்திருக்கிறேன், உப்பவில்லை. மாதம் ஒருமுறை பேட்டரியை முழுசாக இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும், அதுதான் முக்கியம். அதை யாரும் செய்வதில்லை.

பழுதுமேசை
நிறுத்திக்கொள்வது உண்மை. ஆனால் நின்ற இடம் 100 அல்லவா? அந்த மின்னழுத்தத்திலேயே பேட்டரி நாள் கணக்கில் நிற்கிறது, தேய்மானம் அங்கேதான். முழுசாக இறக்கி ஏற்றுவது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். அந்தப் பேட்டரிக்கு அது தேவைப்பட்டது. லித்தியத்தில் அப்படிச் செய்தால் சதவீதக் கணக்கு கொஞ்சம் சரியாகும், பேட்டரிக்கு எந்த நன்மையும் இல்லை.

சதீஷ்கே
நான்கு வருடம் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

பழுதுமேசை
உங்களுடையது கேம் ஓடும் லேப்டாப்பா? ஆபீஸ் வேலை மட்டும் என்றால் சூடு ஏறாது, நான்கு வருடம் தாங்கும். நானும் மறுக்கவில்லை.

சதீஷ்கே
ஆபீஸ் வேலைதான். ஆனாலும் 20 சதவீதப் பேட்டரியைச் சும்மா விட்டுவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிலா_வரைவாளர்
பேட்டரிச் சண்டையை இன்னொரு இழையில் வைத்துக்கொள்ளலாமா? முத்து, "போட்டோஷாப் மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நினைக்க வேண்டாம், தங்கையிடமே கேளுங்கள். எந்தப் பாடப் பிரிவு, எந்தெந்த மென்பொருள் என்று கல்லூரி ஒரு பட்டியல் கொடுத்திருக்கும். அது தெரியாமல் இங்கே நாங்கள் சொல்வதெல்லாம் குருட்டு அடி.

கணினிக்காரர்
அதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்.

மேசைநண்பன்
நீங்கள் அதைச் சொல்லவே இல்லை சார். வாட் பற்றித்தான் சொன்னீர்கள். மென்பொருளைக் கேட்டது லாவண்யா.

முத்து92
கேட்டேன். இன்டீரியர் டிசைனாம். வரையவும் கட்டட மாடல் செய்யவும் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட். இரண்டாம் வருடத்திலிருந்து, அந்த மாடலை நிஜம் மாதிரி படமாகக் காட்டும் லூமியன். கேம் அவள் விளையாட மாட்டாளாம். விடுமுறைக்கு வரும்போது நான்தான் விளையாடுவேன்.

லாவண்யா_எம்
அப்படியென்றால் என் பதிலை விட்டுவிடுங்கள். ரெவிட்டும் லூமியனும் மேக்கில் கிடையாது, விண்டோஸ் மட்டும்தான். பழைய இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் என்ற ஆப்பிள் செயலி வழியாக விண்டோஸ் போடலாம். 2020 கடைசியில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்ததிலிருந்து அந்த வழியும் இல்லை.

நிலா_வரைவாளர்
நன்றி முத்து, இப்போதுதான் கேள்வி முழுசாகிறது. எனக்கு இது தினசரி வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரெவிட்டுக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அதன் பெரும்பாலான வேலை பிராசஸரின் ஒரே ஒரு கோரில்தான் நடக்கும், அந்தக் கோர் வேகமாக இருக்க வேண்டும். கூடவே ரேம் சாப்பிடும். முதல் வருடம் 16 ஜிபி போதும். பெரிய கட்டட மாடலில் இன்னும் நாலு கோப்புகளை இணைத்து, பக்கத்தில் பிரௌசரும் திறந்து வைத்தால் 16 திணறும். அதனால் ரேமைப் பின்னால் ஏற்ற முடியுமா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சில ஒல்லி மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும், அதில் எதுவும் செய்ய முடியாது.

லூமியன் அப்படியே நேர் எதிர். அது முழுக்க கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடும். மரம், புல், சோபா, தரை என்று வைக்க வைக்க எல்லாம் கார்டின் மெமரியில் போய் உட்காரும். 4050-இல் 6 ஜிபி, 4060-இல் 8 ஜிபி. இந்த 2 ஜிபி கேமில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு, தோட்டத்தோடு வீட்டைக் காட்டும்போது தெரியும். ஆக 4060 சரியான தேர்வுதான், கணினிக்காரர் சொன்னபடி வாட்டைப் பார்த்து வாங்குங்கள்.

512 ஜிபி ஒரு வருடத்தில் நிறையும். உள்ளே இன்னொரு எஸ்எஸ்டிக்கு இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், இருந்தால் இப்போதைக்கு 512 போதும்.

விசைப்பலகையில் வலப்பக்கம் எண்கள் தனியாக இருக்கட்டும். ஆட்டோகேடில் நாள் முழுக்க 1200, 750, 2100 என்று எண் தட்டி என்டர் அடிப்பதுதான் வேலை. மேல்வரிசை எண்களில் அதைச் செய்தால் இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். அப்புறம், சக்கரம் வைத்த நல்ல மவுஸ் ஒன்று. சக்கரத்தை அமுக்கிப் பிடித்துத்தான் வரைபடத்தை நகர்த்துவோம், டச்பேடில் அது சித்திரவதை.

ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசம், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அதற்கென்று பணம் ஒதுக்கியிருந்தால் ரேமில் போடுங்கள்.

எடையை அவளே தூக்கிப் பார்க்கட்டும். இந்த வகை லேப்டாப், சார்ஜரோடு சேர்ந்தால் மூன்று கிலோவை எட்டும். விடுதிக்கும் வகுப்புக்கும் தினமும் சுமக்கப் போவது அவள்தான். சார்ஜரை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வாட் வெகுவாகக் குறைந்துவிடும், லூமியன் நகராது.

முத்து92
வாட், ரேம் ஸ்லாட் எல்லாம் வாங்குவதற்கு முன் எப்படிப் பார்ப்பது? கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கும்" என்கிறார்கள்.

கணினிக்காரர்
காட்சிக்கு வைத்திருக்கும் மெஷினிலேயே பார்க்கலாம். எதையும் நிறுவ வேண்டாம், இரண்டு நிமிட வேலை.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. வலப்பக்கம் கீழே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயனில் இருக்கிறது என்று காட்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் "எஸ்ஓடிம்" என்றிருந்தால் கழற்றி மாற்றலாம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் பற்றவைத்தது.

வாட்டுக்கு என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதை அழுத்தினால் வரும் பட்டியலில் "மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்" என்று ஒரு வரி இருக்கும். சிலவற்றில் 140 என்றுகூடக் காட்டும். 115-க்கு மேல் தேவைப்படும்போது 25 வாட் கூட்டிக்கொள்ளும் வகை அது, பயப்பட வேண்டாம்.

முதலில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். வாட் தெரியாமல் வாங்கி வருத்தப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வண்ணத்தீட்டி
திரையை மறக்காதீர்கள்! இன்டீரியர் என்றால் மரத்தின் நிறம், துணியின் நிறம், சுவரின் நிறம் எல்லாம் திரையில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போனில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு படத்தை, சிவப்புப் புடவையோ செம்பருத்தியோ இருக்கும் படத்தை, இரண்டு லேப்டாப்பிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

சதீஷ்கே
வாங்கியதும் முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், மறக்க வேண்டாம்.

பழுதுமேசை
வேண்டாம். அதுவும் நிக்கல் காலத்துப் பழக்கம்தான் நண்பரே.

முத்து92
போய்ப் பார்த்தோம். விலை குறைந்ததில் 45 வாட், ரேம் சிப் வரிசை என்று காட்டியது. மற்றதில் 140, ஸ்லாட் இரண்டு, ஒன்று காலி. எண்களும் தனியாக இருக்கின்றன. அதையே எடுத்துவிட்டோம். தங்கை பையில் போட்டுத் தோளில் மாட்டி நடந்து பார்த்துவிட்டுச் சரி என்றாள். 80 சதவீதம் போட்டாச்சு. எல்லோருக்கும் நன்றி.

நிலா_வரைவாளர்
நல்ல முடிவு. தங்கைக்கு வாழ்த்துகள். லூமியன் தொடங்கும் முன் காலி ஸ்லாட்டை நிரப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் 16 ஜிபியோடு அதே வேகத்தில் இன்னொரு 16.

வண்ணத்தீட்டி
திரை எத்தனை சதவீதம், படத்தைத் திறந்து பார்த்தீர்களா?

வண்ணத்தீட்டி
முத்து?