பக்கத்து லேஅவுட்டுக்குப் போகத் தெருவே இல்லை. ஏன் இப்படி?

குகைப்பெண்:
சேலம் குகையில் வளர்ந்தவள் நான். அங்கே எந்தச் சந்தில் நுழைந்தாலும் இன்னொரு தெருவில் வெளியே வந்துவிடலாம். இப்போது கொண்டலாம்பட்டி தாண்டிப் புது லேஅவுட்டில் இருக்கிறோம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் மளிகைக் கடை. ஷட்டர் தூக்கும் சத்தம் அடுப்படியில் கேட்கிறது. ஆனால் போக வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு வந்து, லாரிகளுக்கு நடுவே சுற்ற வேண்டும். மாமியார் வெளியே போவதையே விட்டுவிட்டார். சுவரைத் திறக்க வழி உண்டா?

அம்மாபேட்டை அண்ணன்:
ஒவ்வொருத்தர் விவசாயக் காடும் தனித்தனியாகத்தானே மனையாகிறது தங்கச்சி. ரோட்டிலிருந்து ஒரு தெருவை உள்ளே இழுத்து, கடைசியில் சுவர் வைத்து முடித்துவிடுகிறார்கள்.

வரைபடப் பித்தன்:
இது நம் ஊரில் மட்டுமில்லை. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரு சந்திப்பில் எத்தனை தெரு சேருகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒரே தெரு வந்து நின்றுவிட்டால் அது முட்டுத்தெரு. அமெரிக்காவில் முட்டுத்தெருப் போக்கு 1994 வாக்கில் உச்சம் தொட்டு, அப்புறம் இறங்கியது. 2020இல் அவர்கள் வெளியிட்ட உலகளாவிய ஆய்வில், 1975க்குப் பிறகு பல நாடுகளில் அது ஏறியிருக்கிறது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம், தெருவின் போக்கை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். எனக்குக் கவலையே அதுதான்.

அம்மாபேட்டை அண்ணன்:
அங்கீகரித்த லேஅவுட் வரைபடத்தின் நகலை வாங்கிப் பாரும்மா. தெரு எல்லைவரை போகிறதா, தான செட்டில்மெண்டில் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தார்களா என்று பார். கொடுத்திருந்தால் அது பொதுத்தெரு. அப்புறம் இரண்டு லேஅவுட்காரர்களும் சேர்ந்தே மனு கொடுங்கள்.

குகைப்பெண்:
சரிங்கண்ணா, திங்கட்கிழமையே நகல் கேட்கிறேன். கடைக்காரரும் கையெழுத்துப் போடுவார்.