புதுப்பிப்பு: புது பேட்டரி போட்டும் பயாஸ் அமைப்பு அழிகிறது – குற்றவாளி பேட்டரிக் கூடு

முன்பு கேட்டது இதுதான்: இரவில் பிளக் சுவிட்சை அணைத்தால், காலையில் டெஸ்க்டாப்பின் தேதி பின்னே போய், பூட் வரிசை (எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்ற வரிசை) மாறி, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கிறது. பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்பையும் நேரத்தையும் காக்கும், மதர்போர்டிலுள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைப் புதிதாகப் போட்டும் தீரவில்லை.

சுவிட்சை அணைக்காத நாளில் சிக்கலே இல்லை. ஷட்டவுன் செய்த பிறகும் பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (பிளக் சுவிட்ச் போட்டிருக்கும்வரை வரும் சிறு மின்சாரம்), கடிகாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆகவே கோளாறு பேட்டரி வரும் பாதையில்தான்.

பேட்டரியைத் தனியாக அளந்தால் 3.2 வோல்ட். கூட்டில் போட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு முனையைக் கூட்டின் பாசிட்டிவ் கிளிப்பிலும் கறுப்பைக் கேபினட் உலோகத்திலும் வைத்தால் எண் நிற்காமல் ஆடுகிறது. பேட்டரி மேலேயே முனையை வைத்து அளப்பவர்களுக்கு இது பிடிபடாது. கூட்டின் அடியிலிருக்கும் நெகட்டிவ் நாக்கு (மெல்லிய உலோகத் தகடு) அமுங்கித் தட்டையாகி, பேட்டரியைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 நொடி அழுத்திவிட்டு, நாக்கைப் பிளாஸ்டிக் குச்சியால் சுமார் 1 மி.மீ. நிமிர்த்தி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. வேகமாக நெம்பினால் ஒடிந்துவிடும். பிறகு சால்டரிங்தான் கதி. இப்போது அதே இடத்தில் 3.1 வோல்ட், ஆடாமல்.

இன்னொன்று: அமைப்பு அழியும்போது சாட்டா மோடும் (டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறை) மாறியிருக்கலாம். விண்டோஸ் நீலத்திரை காட்டினால் ரீ-இன்ஸ்டாலுக்கு ஓடாமல், முன்பிருந்த மோடுக்கே (பெரும்பாலும் ஏஎச்சிஐ) பயாஸில் மாற்றிப் பாருங்கள்.

சுவிட்சை அணைத்து மூன்று இரவு ஆயிற்று. நேரம் சரியாக ஓடுகிறது.