வீட்ல தனியா யோகா பண்றவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், ரெண்டு வருஷமா வீட்லயே தனியா யோகா பண்றேன், காலைல சூரிய நமஸ்காரம் 6 சுத்து, அப்புறம் திரிகோணாசனம், புஜங்காசனம், பச்சிமோத்தாசனம் (கால நீட்டி உக்காந்து முன்னாடி குனியறது), கடைசில சவாசனம் (அதுல பாதி நாள் தூங்கிடறேன், சிரிக்காதீங்க), தினமும் இதே வரிசைதான், இப்போ என்னாச்சுன்னா உடம்பு அதுபாட்டுக்கு பண்ணுது, மனசு எங்கயோ சுத்துது.

பெரிய சிக்கல் பச்சிமோத்தாசனம். இடுப்புலேர்ந்து மடங்கணும்னு தெரியுது, ஆனா தொடை பின்பக்கம் ரொம்ப டைட்டா இருக்கிறதால முதுகுதான் வளையுது. மடிச்ச போர்வை மேல உக்காந்து முட்டிய லேசா மடக்கினா பரவால்ல. இப்படியே போகலாமா, இல்ல 5 மூச்சுக்கு பதிலா இன்னும் அதிக நேரம் அதுலயே இருந்து பாக்கணுமா?

பிராணாயாமத்துல நாடிசுத்தி (ஒரு மூக்கு மாத்தி ஒரு மூக்குல மூச்சு விடறது) மட்டும்தான், மூச்ச அடக்காம பண்றேன். கும்பகம் (மூச்ச அடக்கி வைக்கிறது) நேர்ல சொல்லித்தர ஆள் இல்லாம தொடவே பயமா இருக்கு, அது சரியான பயம்னுதான் நினைக்கிறேன்.

வீடியோ வேணாம் ப்ளீஸ், கழுத்த திருப்பி ஸ்கிரீன பாத்தே ஆசனம் கலைஞ்சிடுது. புதுசா ஆசனம் சேக்கறதா, இருக்கறதையே மெதுவா ஆழமா பண்றதா? நீங்க எப்படி மாத்தினீங்கன்னு சொல்லுங்க.