ஹீலியத்தில் மாட்டிக்கொண்டேன், யாராவது கை கொடுங்களேன்
பெரம்பூரில் பிளஸ் டூ பிள்ளைகள் நாலு பேருக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன், போன வாரம் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஹீலியம் அணுவில் முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 24.6 எலக்ட்ரான் வோல்ட், இரண்டாவதற்கு 54.4. மறைக்க இன்னொரு எலக்ட்ரான் இல்லாததால் கருவின் பிடி இறுகுகிறது, சரி. ஆனால் ஹீலியம்-4 கருவின் மொத்தப் பிணைப்பாற்றல் (கருவை முழுசாகப் பிரித்துப்போடத் தேவையான ஆற்றல்) 28.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் என்று நாலு துகளுக்கும் பங்கு போட்டால் தலைக்கு 7 தான் வருகிறது, அப்படியிருக்க ஒரே ஒரு நியூட்ரானை வெளியே எடுக்க 20.6 ஏன் கேட்கிறது? நியூட்ரான் போனபின் மிஞ்சும் ஹீலியம்-3 கருவின் பிணைப்பாற்றல் 7.7ஐ 28.3இலிருந்து கழித்தால் கணக்கு நேராகிவிடும், அது பிரச்சினையே இல்லை. எலக்ட்ரானில் போகப்போகத்தான் இறுக்கம், கருவில் மட்டும் எடுத்த எடுப்பிலேயே ஏன் என்பதை மிரட்டாமல் விளக்க ஒரு வழி சொல்லுங்கள். ஞாயிறு வகுப்புக்குள் வேண்டும், "அப்புறம் சொல்றேன்மா" என்று ஏற்கெனவே ஒரு தடவை தப்பித்தாயிற்று.